இருபத்தாறாம் நாள்

விலாவில் எந்த இரண்டு எலும்புகளுக்கு நடுவே கத்தியை இறக்குவது என்று கூலிக் கொலைகாரர் தவணை முதல் நாளே முடிவு செய்துவிட்டார். சிக்கல் என்னவென்றால், அந்த விலா ஒரு நாள் இருந்த இடத்தில் மறுநாள் இருப்பதில்லை.

திங்கட்கிழமை பூங்காவில் நடந்த பச்சைச் சட்டைக்காரன், செவ்வாய்க்கிழமை சைக்கிளில் பறந்தான். புதன்கிழமை நீச்சல் குளம். இரவல் வாங்கிய கால்சட்டையோடு, ஆழமில்லாத ஓரத்தில், ஊர்ப் பிள்ளைகள் தெளித்த தண்ணீரைக் குடித்தபடி தவணையும் கிடந்தார்.

"என்னடா ஆளு இவன்? குரங்குப் பய!" என்று மைத்துனனிடம் போனில் சீறினார். இந்த வேலையைக் கொண்டுவந்தவன் அவன்தான். "கையில மாட்டட்டும். குடலை உருவி அவன் கழுத்துலயே சுத்தறேன்."

"அவசரப்படாதீங்க மாமா. காரை எடுக்காதீங்க, அவன் எப்படிப் போறானோ அப்படியே போங்க. இல்லேன்னா உஷாராயிடுவான். உங்க வழக்கப்படி முப்பது நாள் முடியட்டும்."

அந்த வழக்கத்தால்தான் அவருக்குத் தவணை என்ற பெயரே வந்தது. ஒரு காலத்தில் அவசரப்பட்டு, அண்ணனுக்குப் பதிலாகத் தம்பியைக் குத்திவிட்டார். அதற்குப் பிறகு முப்பது நாள் பின்தொடராமல் கத்தியைத் தொட்டதில்லை. பத்தொன்பது பேரை மேலே அனுப்பியாயிற்று, ஒரு பிசகு கிடையாது.

இந்த இருபதாவது ஆள்தான் அவருக்கு வாழ்வா சாவா. கால் கட்டைவிரல் புண் நாலு மாதமாக ஆறவில்லை. சர்க்கரை இப்படியே இருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு வீட்டுக்காரி அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல. தவணை அழவில்லை, பயந்தார். அவருக்காகக் கத்தி தீட்டிக்கொண்டு காத்திருப்பவர்கள் நாலைந்து தெருவில் இருக்கிறார்கள். நொண்டிக்கொண்டு வெளியே போனால் ஒரு வாரம் தாங்காது. இவனைச் சாய்த்துக் காட்டினால் ஆள் இன்னும் தளரவில்லை என்று அத்தனை பேருக்கும் உறைக்கும்.

ஆகவே விடாமல் துரத்தினார். வெள்ளிக்கிழமை மைதானத்தில் ஓட்டம், அடுத்த வாரம் கயிறு தாண்டல், அதற்கடுத்து குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடம். அங்கே தொங்கிய மணல் மூட்டையை அவன் முகமாக நினைத்துத் தவணை குத்திய குத்தில் தையல் பிரிந்து மணல் கொட்டியது. இன்னொரு நாள், "பெருசு, பாத்து ஓடு!" என்று சிரித்த தடியன் ஒருவனின் மூக்கை உடைத்து, கையில் பட்ட ரத்தத்தை அவன் சட்டையிலேயே துடைத்துவிட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தார்.

வெளியில் சொல்ல வெட்கம்தான், ஆனால் காலையில் கண் விழிக்கும்போதே 'இன்னைக்கு எங்க இழுத்துட்டுப் போகப்போறானோ' என்று ஒரு துடிப்பு வந்துவிட்டது. அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தார்.

ஒன்று மட்டும் எரிச்சலாக இருந்தது. இவருக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் அவன் நின்று, குனிந்து, ஷூ லேஸைக் கட்டுவான். 'லேஸ் கட்டவே பொறந்திருக்கான்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கிடைத்த கம்பத்தில் சாய்ந்து தவணையும் இளைப்பாறுவார்.

இருபத்தாறாம் நாள் காலை, கார்கள் நிறுத்தும் எட்டு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டு. அவன் இரண்டிரண்டு படியாகத் தாவினான், தவணையும் தாவினார். அன்றைக்கு அவன் ஒரு மாடியில்கூட லேஸ் கட்ட நிற்கவில்லை.

மொட்டை மாடியில் ஈ காக்கை இல்லை. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் நின்றான். தவணை தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். மூச்சு வாங்கவில்லை. பெல்ட் இரண்டு துளை உள்ளே போயிருந்தது, கட்டைவிரலில் வலி இல்லை. பத்து வருடத்துக்கு முந்தைய உடம்பு திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இந்த உடம்புக்கு எதற்கு இன்னும் நாலு நாள் என்று தோன்றியது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக வழக்கத்தை மீறினார்.

ஐந்தே எட்டில் அவனை நெருங்கினார். இடது கையால் அவன் வாயைப் பொத்தி, வலது கையால் குறித்து வைத்த இடத்தில் கத்தியைப் பிடிவரை இறக்கினார். ஒரு திருகு திருகி உருவினார். பச்சைச் சட்டை கறுத்தது. அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

தவணை குந்தி அவன் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தினார். "இருபத்தாறு நாளா என்னை நாய் படாத பாடு படுத்தினல்ல? சொல்றா, நாளைக்கு எங்க? நீச்சலா, சைக்கிளா?"

அவன் முகத்தில் வலியைவிடத் திகைப்புதான் அதிகம்.

"நாளைக்கு... டான்ஸ் சார்."

தவணையின் பிடி தளர்ந்தது. "என்னது?"

"ஒரே மாதிரி நடக்கச் சொன்னா நாலு நாள்ல சலிச்சுப்போய் விட்டுடுவீங்கன்னாங்க. அதான்... தினம் ஒண்ணா மாத்தினேன்."

"யாரு? யாருடா சொன்னது?"

அவன் உதட்டில் ரத்தம் குமிழியிட்டது.

"உங்க வீட்டுக்காரம்மா. முப்பது நாள் ஆகாம கத்தியைத் தொட மாட்டீங்கன்னும் அவங்கதான் சார் சொன்னாங்க."