போன வருஷத்து மேட்ச்

பெட்ரோல் பங்க் வரிசை அங்குலம் அங்குலமாக நகர்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு ஆட்டோக்காரர் வண்டியைத் தோளால் தள்ளுகிறார். வீட்டிலிருந்து டீ கொண்டுவந்த மாமனார், கேட்காமலே பின்னால் கைகொடுக்கிறார். வண்டி வந்து நின்ற இடம்தான் வம்பு. எதிரே டி.வி. கடைக் கண்ணாடிக்குள், ஆளுயரத் திரையில், மாமனார் உயிரையே வைத்திருக்கும் சிவப்புச் சட்டை அணி ஓடிக்கொண்டிருக்கிறது. கேபிள் கட்டணம் ஏறியதும், அந்தப் பணம் பெட்ரோலுக்காவது ஆகட்டும் என்று விளையாட்டு சேனலை நிறுத்திவிட்டு, "இந்த மாசம் மேட்சே இல்லையாம் மாமா" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் ஆட்டோக்காரர். பெட்ரோலும் கிடைத்தபாடில்லை. இப்போது அவருக்குக் காது மடல் சுடுகிறது. சத்தமில்லாத திரையில் பந்து வலைக்குள் பாய்கிறது. மாமனாரின் வலது கால், செருப்போடு, தானாக ஒருமுறை உதைத்து அடங்குகிறது. "மாமா, அது வந்து..." என்று இழுக்கிறார் ஆட்டோக்காரர். "போன வருஷத்து மேட்ச் மாப்ள. கடைக்காரன் சும்மா போட்டு வச்சிருக்கான்" என்றபடி திரைக்கு முதுகைக் காட்டி நின்று, ஃபிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி நீட்டுகிறார் மாமனார். அவர் தோளுக்கு மேலே, திரையின் மூலையில், 'நேரலை' என்ற சிவப்பு எழுத்து மின்னி மின்னி அணைகிறது.