சாவி வேண்டாதவர்

பொதுமக்கள் அனைவருக்கும் இதனால் தெரிவிக்கப்படுவது என்னவென்றால், பூட்டுக் கலை நிபுணர் அவர்கள் இன்று காலை பத்தரை மணிக்குப் பழைய இரும்புக் கடைக்கு எழுந்தருளி, குவியலின் முன் குத்த வைத்து உட்கார்ந்தார்.

மனைவி வாசலில் ஸ்கூட்டர் மேலேயே காத்திருந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

நிபுணர் என்பது அவர் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பட்டம். சம்பளம் வாங்குவது தண்ணீர் வரி அலுவலகத்தில் முத்திரை குத்துவதற்கு. மற்ற நேரமெல்லாம் வளைந்த கம்பிகளை விட்டுப் பூட்டுத் திறப்பார். திருட அல்ல, சும்மா. ஆனால் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் மூக்கு சிவந்துவிடும். பயிற்சி என்று சொல்ல வேண்டும்.

பயிற்சிக்குப் பூட்டு வேண்டுமே. புதுப் பூட்டு கட்டுப்படியாகாது. வீடு காலி செய்கிறவர்களிடம் பழைய பூட்டு இருக்கிறதா என்று கேட்டார். அவர்கள் உடனே புதுப் பூட்டு வாங்கினார்கள். சாவி செய்கிறவரிடம் கேட்டார். அவர் இவருடைய விலாசத்தை விசாரித்தார். கடைசியில் கைகொடுத்தது இந்தக் கடைதான். இங்கே பூட்டும் ஆணியும் ஒரே விலை, ஒரே தராசு.

"சாவி இல்லாததா பாத்துப் பொறுக்கறீங்களே, நீங்க என்ன லைன் சார்?" என்று முதல் நாளே கேட்டார் கடைக்காரர்.

சாவியோடு வரும் பூட்டு நிபுணருக்கு அவமானம். தப்பித் தவறி ஒரு சாவி கையில் தட்டுப்பட்டால் ஏறெடுத்தும் பார்க்காமல் பிஸ்கட் டப்பாவில் வீசுவார். டப்பா நிறைந்ததும் பித்தளை என்று இதே கடையில் போட்டுவிடுவார். சாவி போட்டுத் திறக்கிறவன் குடும்பஸ்தன், போடாமல் திறக்கிறவன் கலைஞன் என்பது அவர் வீட்டில் அடிக்கடி அருளும் வாக்கு. பயிற்சி நேரத்தில் ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது வீட்டின் சட்டம். அவர் கண்ணை மூடி, பூட்டில் காதை வைத்திருப்பார். உள்ளே லீவர் நகரும் சத்தம் கேட்க வேண்டுமாம்.

இன்றும் ஒரு டப்பா நிறைந்து வந்திருந்தது. கடைக்காரர் அதைத் தராசுத் தட்டில் கவிழ்த்தார்.

அப்போது குவியலுக்குள் போன நிபுணரின் கை நின்றது.

ஏழு லீவர் பூட்டு. அடியில் ஒரு சொட்டுப் பச்சை பெயின்ட். அப்பா ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்த அன்று விழுந்த சொட்டு. வளையத்தை யாரோ ரம்பத்தால் அறுத்திருந்தார்கள்.

அப்பாவின் அறைப் பூட்டு.

அப்பா போன மறுவாரமே அண்ணன் அந்த அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். உள்ளே அப்பாவின் ரேடியோ இருந்தது. அது இளையவனுக்கு என்று அப்பா தன் வாயாலேயே சொல்லியிருந்தார். ரேடியோ மேலதான் உனக்குக் கண்ணா என்று அண்ணன் ஒரு வார்த்தை விட்டான். சாவி என் கைக்கு வராமல் இந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று இவர் எட்டு வார்த்தை விட்டார். நாலு வருடம் ஆயிற்று. கம்பியைக் கையில் எடுத்ததும் அந்த வாரம்தான்.

நிபுணர் செல்போனை எடுத்தார். நாலு வருடம் தொடாத எண்ணை அழுத்தினார்.

"நீயெல்லாம் ஒரு அண்ணனா? அப்பா ரூம் பூட்ட அறுத்து இரும்புக்குப் போட்டிருக்கே! ரேடியோவ என்ன பண்ணே?"

மறுமுனை அதைவிடச் சத்தமாக வந்தது. கடை முழுக்கக் கேட்டது.

"நீ கேக்கறியா? ரெண்டு மாசம் முன்னாடியே சாவிய உங்க அண்ணிகிட்ட குடுத்தனுப்பினேன்டா! உன் பொண்டாட்டி கையில குடுத்துட்டு வந்தா. நீ வருவே வருவேன்னு வாசலையே பாத்துட்டிருந்தேன். துரைக்கு வர மனசு வரல. மழையில கூரை ஒழுகி உள்ள ஒரே தண்ணி. அறுக்காம பூட்டுக்குப் பூஜையா போடுவாங்க? ரேடியோ ஊறி உப்பிப் போச்சு. அதையும் சேத்துப் போட்டாச்சு. வை போனை!"

நிபுணர் மனைவி பக்கம் திரும்பினார். கோபத்துக்குப் புது விலாசம் கிடைத்துவிட்டது.

"சாவி வந்துச்சா? என்கிட்ட ஏன்டி சொல்லல?"

மனைவி இப்போது ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"பேசக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? நீங்க கண்ண மூடிட்டுப் பூட்டுல காத வெச்சிருந்தீங்க. உங்க கைகிட்டயே வெச்சேன். எடுத்தீங்க, டப்பாவுல வீசுனீங்க. அண்ணன் மேல அவ்வளவு வெறியான்னு நினைச்சேன். மறுபடி அந்தப் பேச்சை எடுக்க எனக்கென்ன பைத்தியமா?"

கடைக்காரர் தராசை ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

"மரப்பெட்டி ரேடியோவா சார்? போன வாரமே உடைச்சாச்சு. காந்தம் மட்டும் கிடக்கு. வேணுமா?"

நிபுணர் தராசுத் தட்டில் கையை விட்டுக் கிளறினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒவ்வொரு சாவியாக எடுத்துப் பார்த்தார்.

அடியில் இருந்தது. தலையில் பச்சை பெயின்ட் தீற்றலோடு.

நாலு வருடத்தில் இருநூற்றுப் பதினோரு பூட்டுகள். ஒன்றிலும் அவர் சாவி போட்டதில்லை.

போட்டார். ஒரே திருப்பு.

அறுத்த பூட்டு திறந்தது.