வளைவில் நின்ற ரயில்

"நேத்தும் உன் ரயிலு ஒவ்வொரு வளைவுலயும் விசில் அடிச்சுட்டே வந்துச்சாம் புள்ள. ஹெரால்டு கேக்கறாரு, என்ன சொல்றது?"

நாமக்கல்லிலிருந்து போனில் சசிகுமார் கேட்டதும் தாமரைச்செல்விக்குத் தலை சுற்றியது.

"நேத்து எப்போ?"

"காலையில பதினோரு மணிக்கு."

"அப்போ நான் செம்மேட்டுல பசங்களுக்குக் கம்ப்யூட்டர் கிளாஸ் எடுத்துட்டு இருந்தேன். ஓட்ட ஆளே இல்லாம ரயிலு எப்படி ஓடும்?"

"கனடாப் பேயி ஒண்ணு கொல்லிமலைக்கு வந்து ஓட்டுதோ என்னமோ!"

"வெளையாடாத சசி."

இருவரும் ஒரு வருடமாகக் கனடாவின் பழைய மலை ரயில் பாதை ஒன்றைக் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் கட்டிக்கொண்டிருந்தார்கள். மரப்பாலம், சுரங்கம், கரி தின்று புகை கக்கும் நீராவி இன்ஜின், எங்கும் பனி. தாமரை பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. மார்கழி விடியலில் வயல்களின் மேல் இறங்கும் மூடுபனியைப் பார்த்துப் பார்த்தே அந்த வெள்ளையைத் தீட்டியிருந்தாள். மனித முகம் மட்டும் அவளுக்கு வரைய வரவில்லை. அதனால் ரயில் பெட்டிகளின் ஜன்னல்கள் எல்லாம் காலியாகவே இருந்தன.

இந்த வாரம் வெள்ளோட்டம். பாதையைச் சோதித்துப் பார்க்கும் குழுவில் உள்ளவர்கள் அவரவர் நாட்டில் இருந்தபடியே அந்தப் பாதையில் ரயில் ஓட்டலாம். ஒருவர் ஓட்டுவது மற்றவர்களுக்கும் தெரியும். கனடாவில் ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற ஹெரால்டு சரியென்று சொன்னால்தான் பாதை வெளியாகும். இன்றுதான் கடைசி நாள்.

"ரோடு குறுக்க வர்ற எடத்துலதான் விசில் அடிக்கணும், வளைவுக்கு எவன் அடிப்பான்னு கேக்கறாரு. மத்தபடி பாதையில குறையே இல்லியாம். இந்த விசில் மட்டும் ஏன்னு தெரிஞ்சாப் போதுமாம்" என்றான் சசிகுமார். "வளைவை வரையறப்ப ஏதோ தப்புப் பண்ணியிருக்கோம். கண்டுபிடிக்கற வரைக்கும் விசிலையே நிறுத்திரு."

போனை வைத்துவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள்.

"அம்மா, நான் இல்லாதப்ப கம்ப்யூட்டரைத் தொட்டீங்களா?"

"நான் எதுக்குக் கண்ணு தொடறேன்? மரவள்ளிக் காட்டுக்குப் போனா மத்தியானம்தான் ஊட்டுக்கு வாரேன்" என்றாள் கண்ணாயி. "அதைத் தொட்டா கரண்டு அடிக்கும்."

வாசலில் அப்பா மாதேஸ்வரன் சாக்கு விரித்து மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கப்பா, பகல்ல விசில் சத்தம் ஏதாச்சும் கேட்டுச்சுங்களா?"

"ஆளே இல்லாத ரயிலு. கூவுனா என்ன, கூவாட்டி என்ன?" அவர் மிளகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கண்ணாயி கரண்டியோடு வெளியே வந்தாள். "அவ ரயிலு கெடக்கட்டும். ஏனுங்க, நாளைக்குக் காலையில வரச் சொல்லியிருக்காங்க. நாளைக்கும் போவலைன்னா வேலை போயிரும். போறீங்களா, இல்லீங்களா?"

அவர் மிளகைக் கையால் பரப்பிவிட்டார்.

"பொண்ணு கனடாவுக்கு ரயிலு உடறா. அப்பன் ஊட்டு வாசலைத் தாண்ட மாட்டேங்கறாரு. நல்ல குடும்பம்!"

உள்ளே, கம்ப்யூட்டருக்கு மேலே ஆணியில் அப்பாவின் காக்கிச் சட்டை தொங்கியது. ஒரு வருடமாக அவர் தொடாத சட்டை. அம்மா மட்டும் அதை வாரம் தவறாமல் துவைத்து மாட்டிவைப்பாள். தாமரை விசிலை நிறுத்தினாள். மறுபடி போட்டால் பாதை திறக்க வெகுநேரம் ஆகும் என்பதால் வழக்கம்போல் கம்ப்யூட்டரை அணைக்காமல் வகுப்புக்குக் கிளம்பினாள்.

வகுப்பு பாதியில் இருக்கும்போது சசிகுமார் அழைத்தான்.

"புள்ள, உன் ரயிலு மலை உச்சியில நின்னு போச்சு!"

"மறுபடியும் ஓடுச்சா?"

"நல்லாத்தான் வந்துச்சு. எறக்கத்துல முதல் வளைவு வந்ததும் பிரேக் போட்டு நின்னுடுச்சு. பின்னால வரிசையா ரயிலு நிக்குது. ஹெரால்டும் அதுல மாட்டிக்கிட்டாரு."

"விசிலை நிறுத்துனா ரயிலு எதுக்கு நிக்குது?"

"எனக்கு மட்டும் என்ன தெரியும்?"

பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். விசிலுக்கும் சக்கரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வழியெல்லாம் யோசித்தும் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

வீட்டுக் கதவு லேசாகத் திறந்திருந்தது. ஆணியில் சட்டை இல்லை.

காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, கம்ப்யூட்டர் முன்னால் அப்பா உட்கார்ந்திருந்தார். ஒரு விரல் விசில் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தது. திரையில், பனி கொட்டும் வளைவுக்கு முன்னால் ரயில் நின்றது.

"அப்பா... நீங்களா?"

"ஹாரன் அடிக்க மாட்டேங்குது கண்ணு." அவர் திரும்பவில்லை. "நாளைக்கு டிப்போவுல பஸ்ஸை எடுக்கறதுக்கு முந்தி இன்னொரு வாட்டி எறக்கிப் பாத்துரலாம்னு உக்காந்தேன்."

போன வருடம் மலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் பாதையில், ஹாரன் பழுதாகிப்போன அவர் பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பியபோது எதிரே லாரி வந்துவிட்டது. எல்லோரும் பிழைத்தார்கள். அன்று ஸ்டியரிங்கை விட்டவர்தான், அப்புறம் தொடவே இல்லை.

தாமரை அவர் பக்கத்தில் போய் நின்றாள். "இங்க எதிர்ல ஒண்ணும் வராதுங்கப்பா. சும்மா ஓட்டுங்க. ஆளே இல்லாத ரயிலுதானுங்களே?"

மாதேஸ்வரன் அவளை முறைத்துப் பார்த்தார்.

"என்ன பேச்சுப் பேசற? பின்னால சனம் உக்காந்திருக்குது. நீ மொதல்ல ஹாரனைச் சரி பண்ணு, நான் வண்டியை எடுக்கறேன்."