பஞ்சாய்ப் போன பெடல்

“பிரேக் பெடல் பஞ்சு மாதிரி இருக்குது பாய். மிதிக்கிறனா இல்லியான்னே தெரியல,” என்றார் டாக்சி ஓட்டும் செபாஸ்டின்.

அம்பாசிடரின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் வைத்துக் கொடுத்தவன் மெக்கானிக் சலாவுதீன்தான். இரண்டு முறை பிரேக் ஆயில் மாற்றி, குழாயிலிருந்த காற்றையும் எடுத்து அனுப்பினான். பொம்மிடியிலிருந்து மூன்றாம் முறையாக வந்து நிற்கிறார்.

“தொப்பூர் எறக்கத்துல உசுரே போவுது. வூட்ல நாலு வயிறு இந்த வண்டியத்தான் நம்பியிருக்குது.”

சலாவுதீனுக்கு ரோஷம் வந்தது. “நகருங்கண்ணே, நானே பாக்கறேன்.”

செபாஸ்டின் மாதா படம் வைத்த வண்டியில் செருப்போடு ஏறமாட்டார். சலாவுதீனும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, பெடலை மிதித்தான்.

கல் மாதிரி நின்றது.

மறுகணம், “யா அல்லா!” என்று காலை உதறினான். அடியில் ஓடும் சைலன்சர் சூட்டில், பெடலுக்குக் கீழிருந்த தகடு தோசைக்கல்லாகக் காய்ந்துகிடந்தது.

சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, செபாஸ்டினின் வலது காலைப் பார்த்தான். குதிகாலில் கொப்புளம் உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

“அண்ணே... கால் சுடலீங்களா?”

“எந்தக் காலு?” குனிந்து பார்த்தார். “அட, இது எப்பப் பட்டுது?”

சிரித்துக்கொண்டே சாவிக்குக் கையை நீட்டினார். கொடுக்க சலாவுதீனுக்குக் கை எழவில்லை.