புல்கெண்டைக்குக் காது கூர்மை

“அண்ணே, இன்னா இரை போடறீங்க? பாசியா?”

படகுத்துறை ஓரத்தில் உட்கார்ந்திருந்த டைட்டஸ், உதட்டில் விரலை வைத்து முறைத்தார். பிரேம் வாயை மூடிக்கொண்டான். புல்கெண்டை பயந்த சுபாவமுள்ள மீன், சத்தம் கேட்டால் ஓடிவிடும் என்று அவனும் கேள்விப்பட்டிருந்தான்.

பேத்தமங்கலம் ஏரிக்கு அவன் வருவது அதுதான் முதல் தடவை. டைட்டஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் நகர்ந்து இடம் கொடுத்தார். தன் பாசியில் பாதியைப் பிய்த்து அவனிடம் நீட்டினார். இருவரும் தூண்டில் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் சாப்பாட்டுக் கேரியருடன் அவர் மனைவி ஜெயசீலி வந்தார்.

“இன்னாங்க, இன்னிக்காவது மாட்டிச்சா?” துறையே அதிர்ந்தது.

‘போச்சு!’ என்று பிரேம் நினைத்தான். அந்த நேரம் பார்த்து டைட்டஸின் தக்கை குபுக்கென்று முழுகியது. இழுத்தார். முழங்கை நீளப் புல்கெண்டை!

பிரேம் அசடு வழிந்தான். “சத்தம் கேட்டா ஓடிடும்னு காலையிலருந்து நாங்க வாயே தொறக்கலக்கா.”

டைட்டஸ் மீனைக் கூடையில் போட அந்தப் பக்கம் போனதும் ஜெயசீலி குரலைத் தாழ்த்தினார்.

“தொண்டையில ஆபரேஷன் தம்பி. பேச்சு போயிடுச்சு. பாக்கறவங்கல்லாம் ஐயோ பாவம்னு சொல்றாங்கன்னு சர்ச்சுக்குக்கூட வர்றதில்ல. இங்க மட்டுந்தான் வர்றாரு.”

அடுத்த ஞாயிறு, பக்கத்துப் பாலகாட் பகுதியிலிருந்து புதிதாக ஒருவர் தூண்டிலோடு வந்தார்.

“இன்னா சார், மீன் மாட்டுதா?” என்று டைட்டஸிடம் கேட்டார்.

டைட்டஸின் விரல் உதட்டுக்குப் போவதற்குள் பிரேம் முந்திக்கொண்டான்.

“உஷ்! பேசாதீங்க சார். இந்த மீனுக்குக் காது ரொம்ப கூர்மை.”