சஃப்தா வீட்டு மேசை

மடத்துச் சுவரில் புனிதர்களின் நீல ஓவியங்கள் மீது மாலை வெயில் சாய்ந்திருக்கிறது. மணிக்குப் பதிலாகத் தட்டி வழிபாட்டுக்கு அழைக்கும் நீண்ட மரப்பலகை, முப்பது வருஷத்துக்குப் பிறகு வாசல் சங்கிலியில் தொங்குகிறது. அரசாங்கம் மடத்தை மூடித் துறவிகளைத் துரத்தியபோது, அதைத் தூக்கிப்போய் அடுப்படி மேசையாக்கி ஒளித்து வைத்தவள் சஃப்தா. இப்போது மடம் மறுபடி திறந்திருக்க, கைகளை ஏப்ரனுக்குள் சுருட்டிக்கொண்டு நிற்கிறாள். பலகை நடுவில் அவள் கத்தி தோண்டிய பள்ளம். ஓசை செத்திருக்குமோ என்று அந்தப் பள்ளத்தையே பார்க்கிறாள்.

"என்னடி, வெங்காய வாசம் தூக்குது?" என்கிறார் மடத்துத் தலைவி செனியா அம்மா.

"தினம் நறுக்கினா பன்னீரா மணக்கும்? இதைத் தேடி வந்த போலீஸ்காரனுக்கே இது மேலதாம்மா சோளக்களி கொட்டி வச்சேன். ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னான். பள்ளத்தை வேணா தச்சனை விட்டு இழைச்சிரலாம்."

"எவனாவது கை வச்சுப் பார்க்கட்டும்!"

செனியா அம்மா மரச்சுத்தியலை ஓங்குகிறார். ஓரத்தில் கூர்மையாக எழும் ஓசை, பள்ளத்துக்கு வந்ததும் கனத்துத் தணிகிறது. சரிவில் மேயும் ஆடுகள் தலை நிமிர்கின்றன. அம்மாவின் கை அங்கேயே நிற்கிறது. பிறகு சுத்தியலைச் சஃப்தாவிடம் நீட்டுகிறார்.

"நீ நறுக்கின இடம். நீயே தட்டு."

களி பரிமாறப் போகிறவளைப் போல சஃப்தா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொள்கிறாள்.