பாதியா, மூன்றில் ஒன்றா?

"மூணுல ஒண்ணுதான்! பாதின்னு சொல்றவனுக்கு வெட்கம் வேணாம்?" என்று 'ஏன் சார்' மேஜையைத் தட்டிய தட்டில், அதன்மேல் காய்ந்துகொண்டிருந்த பல் அச்சுகள் கடகடவென்று ஆடின.

கூடப் பிறந்த தங்கை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பார்சல் கொடுக்க வந்தவர் சொத்துத் தகராறு என்று நினைத்து, கையெழுத்துகூட வாங்காமல் நழுவினார்.

சொத்தாவது சுகமாவது! எல்லாம் செல்போனில் 'தர்க்க வட்டம்' குழுவில் வந்த ஒரு கேள்விதான். போட்டவர் பெயர் 'மௌனம்'. ஆள் யாரென்று குழுவில் எவருக்கும் தெரியாது.

'ஒரு வீட்டில் இரண்டு குழந்தைகள். ஒன்று பெண். மற்றதும் பெண்ணாக இருக்க வாய்ப்பு எவ்வளவு?' இவ்வளவுதான் கேள்வி. காலையிலிருந்து குழு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பாதி என்பவர்களுக்கு 'சுத்தியல்' என்று ஒருவர் தலைவர். மூன்றில் ஒன்று என்பவர்களுக்கு நம் ஏன் சார்.

காப்பீட்டு அலுவலகத்தில் வந்த மனுவையெல்லாம் "ஏன்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியே ஓய்வு பெற்றவர். பெயர் அப்படி வந்தது. இப்போது பகல் முழுக்க மனைவியின் பல்செட் பட்டறையே கதி.

மனைவி மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்துக்கொண்டிருந்தாள். நாளைக் காலையில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் ஒருவரின் மேல்வரிசை அது. சாயங்காலத்துக்குள் போய்ச் சேராவிட்டால் மனிதர் எல்லாப் போட்டோவிலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் நிற்க வேண்டும். வேலை கொடுத்த பல் டாக்டரும் இனி இந்தப் பட்டறைப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்.

தங்கைக்கு அண்ணியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாலிஷ் போடும் மெஷினை நிறுத்தினாள்.

"அண்ணே, கொஞ்சம் கத்தாம இரேன். அண்ணிக்குக் கை ஆடினா பல்லு கோணிக்கும்."

"அவன் என்னை முட்டாள்ங்கிறான்!"

"அப்படி என்னதான் கேள்வி? மூத்தது பொண்ணு, இளையது என்னன்னு கேக்குறாங்க. பாதிதானே?"

"மூத்ததுன்னு அதுல இல்லையே" என்றாள் மனைவி, மெழுகிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்படிச் சொல்லு!" என்று ஏன் சார் உற்சாகமாகப் போனுக்குள் விழுந்தார்.

"இந்த மௌனம் மட்டும் என் கையில சிக்கட்டும்" என்று தங்கை பல்லைக் கடித்தாள். "ஒரு பல்லு விடாம கழட்டி இந்த அச்சுல வெச்சிடுறேன்."

மனைவிக்குப் புரையேறியது.

மதியம் 'தராசு' என்ற ஒருவர் குழுவுக்குள் வந்து காரியத்தைக் கெடுத்தார். 'கேள்வியில் ஒரே ஒரு வார்த்தை விட்டுப்போயிருக்கிறது. மூத்தது பெண் என்றால் பாதி. குறைந்தது ஒன்று பெண் என்றால் மூன்றில் ஒன்று. நீங்கள் இருவரும் வெவ்வேறு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டு அடித்துக்கொள்கிறீர்கள்' என்று எழுதினார். அதோடு சண்டை தீர்ந்தது.

"சுத்தியல் மன்னிப்பே கேட்டுட்டான். தங்கமான மனுஷன்" என்று ஏன் சார் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அதுக்குள்ள சமாதானமாயிட்டீங்களா?" என்றாள் மனைவி.

அவர் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டார். "அது கிடக்கட்டும். இந்தக் கோரைப்பல் ஏன் லேசா திரும்பியிருக்கு?"

"அவரோட பழைய பல்லு அப்படித்தாங்க இருந்துது."

"ஏன்?"

தங்கை மெஷினை விட்டு எழுந்துவிட்டாள். போன மாதமும் இப்படித்தான் ஏன் ஏன் என்று குடைந்து, ஒரு செட் முழுவதையும் ஸ்கேல் வைத்ததுபோல் நேராக்க வைத்தார். அதைப் போட்டுக் கண்ணாடி பார்த்த அம்மாள், "இது யாரோட வாய்?" என்று அழுதேவிட்டார்.

"இருங்க, கை கழுவிட்டு வந்து சொல்றேன்" என்று மனைவி உள்ளே போனாள். ஏன் சாரின் விரல் மெல்லக் கோரைப்பல்லை நோக்கி நகர்ந்தது. தங்கை கண்ணை மூடிக்கொண்டாள்.

டிங்!

"மறுபடியும் மௌனம்!" விரல் போனுக்குத் திரும்பியது. வாய்விட்டுப் படித்தார். 'மூன்று பெட்டிகள். ஒன்றில் மோதிரம். நீங்கள் ஒன்றைத் தொட்டீர்கள். நான் வேறொன்றைத் திறந்தேன், காலி. மனதை மாற்றிக்கொள்வீர்களா?'

"மாத்தினா என்ன, மாத்தாட்டி என்ன... அடப்பாவி சுத்தியல்! மாத்தணுமாம்ல!" போனோடு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மனைவி வந்து உட்கார்ந்தாள். கையில் ஒட்டியிருந்த மெழுகு அப்படியே இருந்தது. கோரைப்பல்லைப் பூப்போல அழுத்தினாள்.

"அந்தத் தராசு வந்து இதையும் தெளிவாக்கிட்டா அண்ணன் திரும்பி வந்துடுவாரே அண்ணி!" என்று தங்கை பதறினாள்.

"சாயங்காலம் வரைக்கும் வரமாட்டார். இந்தத் தடவை ரெண்டு வார்த்தையை விட்டிருக்கேன்."